மரநாய்க்குக் கிடைத்த வக்கீல்

கரடியை அடித்துப்போட்டுத் தேனடையைப் பறித்துக்கொண்டு ஓடியதாக மரநாய் பிச்சாண்டி மேல் வழக்கு. உண்மையில் அன்று அவன் காய்ச்சலில் பொந்தைவிட்டு நகரவே இல்லை. வக்கீல் வைக்க வசதியில்லாததால், இலவச சட்ட உதவியில் நாரையம்மாவை அவனுக்காக வாதாட அனுப்பினார்கள்.

நீதிபதி எருமையின் முன் நாரையம்மா கழுத்தை நீட்டினாள்.

"ஐயா, என் கட்சிக்காரரைக் கொஞ்சம் பாருங்கள். இந்த நோஞ்சானா கரடியை அடித்திருப்பார்? சருகு விழுந்தாலே பொந்துக்குள் ஓடுகிற ஆள். வீட்டில் பெண்டாட்டிகூட இவரை மதிப்பதில்லை!"

மன்றமே சிரித்தது. பின்வரிசையில் அவன் மனைவியும் ஆமாம் என்று தலையாட்டினாள். பிச்சாண்டிக்குக் காதெல்லாம் சுட்டது.

எருமைக்கும் வாதம் பிடித்துப்போயிற்று. விடுதலை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கூண்டிலிருந்து கத்தல்.

"நிறுத்துங்க! நான்தான் அடிச்சேன். ஒத்தைக் கையால அடிச்சேன்!"

"ஐயோ, சும்மா இருய்யா!" என்று நாரையம்மா கெஞ்சினாள். அவன் கேட்கவில்லை. கரடி விழுந்த விதத்தை நடித்தே காட்டினான்.

மூன்று வருஷம் சிறை என்று தீர்ப்பானது. காவலர்கள் இழுத்துப்போனபோது வாசலில் நின்ற முயல்கள் பயந்து ஒதுங்கின. பிச்சாண்டி நெஞ்சை நிமிர்த்தி நடந்தான்.

அவன் மனைவி பக்கத்திலிருந்த அணிலிடம், "எங்க வீட்டுக்காரர்தான்" என்றாள்.