ஊராட்சி நாற்காலியும் பெஞ்சும்

அந்த ஊரில் பெண் ஜெயித்தாலும் ஊராட்சி நாற்காலியில் உட்காருவது புருஷன்தான். ஜுலைகா மட்டும் தானே வந்து உட்கார்ந்தாள். நாற்காலிக்குப் பெருமை தாங்கவில்லை.

எதிரே கிடந்த, கோயில் தெரு வேம்பில் செய்த பெஞ்சுக்குத்தான் பொறுக்கவில்லை. "வேற சாமி கும்பிடுற பொம்பளை, நம்ம தெருவுக்கு என்னத்தைக் கிழிக்கப்போகுது?"

"பொறுத்துப் பாரேன்" என்றது நாற்காலி.

ஜுலைகா முதலில் கழுவ வைத்தது கோயில் தெருக் குடிதண்ணீர்த் தொட்டியைத்தான். பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு நின்றது. அதுவரை எட்டிக்கூடப் பார்க்காத அந்தத் தெருப் பெண்கள், அடுத்த கிராமசபைக்கு வந்து பெஞ்சை நிறைத்தார்கள்.

அன்று ஜுலைகாவின் புருஷன் வந்து, ஊர் வழக்கப்படி, "எந்திரி, நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

"நீங்க அந்தப் பெஞ்சுல உட்காருங்க" என்றாள் ஜுலைகா.

பெஞ்சு நெஞ்சை நிமிர்த்தியது. "இங்க இடமில்லை பாய். நின்னுக்கிட்டே கேளுங்க!"