நூல் கோக்காத மெஷின்

மாலை வெயில் ஜன்னல் வழியாக வந்து தையல் மெஷினின் உறைமேல் சாய்ந்து கிடக்கிறது. பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் அரசாங்கம் போட்டிருந்த தடை இன்று காலையோடு நீங்கிவிட்டது. வயலின்காரர் வாசிக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு, அதுவரை ஆளுக்கொரு பாட்டாய் இரைந்துகொண்டிருந்த தெரு, வாயை மூடிக்கொண்டு மாடியை அண்ணாந்து பார்க்கிறது. வில் நரம்பில் படுகிறது. நாலு இழுப்பு இழுப்பதற்குள் தாளம் தடுமாறுகிறது. மறுபடி தொடங்குகிறார்; மறுபடியும் அதே கதை. “என்னப்பா, கை நடுங்குதா?” என்கிறாள் மகள். “கை நல்லாத்தான் இருக்கு. உங்கம்மா மெஷின் சத்தம் இல்லாம வரமாட்டேங்குதும்மா.” தடைக்காலத்தில் அவர் வில்லை எடுத்தால் போதும், வாசிப்பது வெளியே கேட்டுவிடாமலிருக்க மனைவி மெஷினில் உட்கார்ந்துவிடுவாள். நூல் கோக்காமல், துணி வைக்காமல், கடகடவென்று மிதிப்பாள். அந்தக் கடகடப்புதான் அவருக்குத் தாளம். “ஓயாம தைக்கிறா, கட்டியிருக்கறது என்னவோ அதே பழசுதான்” என்று அக்கம்பக்கம் கேலி பேசும், அவள் சிரித்துக்கொள்வாள். போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் உறையை எடுத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்து மிதிக்கிறாள். வெறும் ஊசி வெயிலில் மின்னி மின்னி ஏறி இறங்குகிறது. அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். வில் வழுக்கிக்கொண்டு போகிறது. “யாருங்க அது, அந்த மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க! பாட்டே காதுல விழல!” என்று தெருவிலிருந்து ஒருவர் கத்துகிறார். மகளின் கால் தயங்குகிறது. “நீ மிதிம்மா” என்கிறார் அவர், கண்ணைத் திறக்காமலே.