தக்கை இல்லாத படகு

மினசோட்டா ஏரியில் வெயில் பளபளக்கிறது. எதிரே தீவில் கல்யாணக் கூட்டம் காத்திருக்க, மணப்பெண் சிக்னே வெள்ளை உடையைச் சுருட்டிப் பிடித்தபடி துறையில் தவிக்கிறாள். ஏரிக்கு வரும் படகுகளைச் சோதிக்கும் லோர்னா, படகின் அடியை விரல்நுனியால் தடவுகிறாள். வேறு ஏரியிலிருந்து தொற்றி வந்து இந்த ஏரியைக் கெடுக்கும் குட்டிச் சிப்பி ஒட்டியிருந்தால் சொரசொரக்கும். அப்புறம் படகை இறக்க விடமாட்டாள். "வழவழன்னு இருக்கு, கிளம்பு கண்ணு!" சிக்னே லோர்னாவைக் கட்டிக்கொள்கிறாள். அப்பா ஆர்விட் படகை நீரில் இறக்கி, மகளை ஏற்றிக்கொண்டு வேகமாய் ஓட்டுகிறார். பாதி ஏரியில் அவள் செருப்பு நனைகிறது. "அப்பா, தக்கை எங்கே?" ஒரு சொட்டு நீரும் அடுத்த ஏரிக்குப் போகக் கூடாதென்று, சாலையில் வரும்போது படகின் அடித்தக்கையைக் கழற்றியாக வேண்டும், கழற்றியவர் திரும்ப மாட்டவில்லை. "ஐயோ, பழைய பேன்ட் பையில! திரும்பிடலாமா?" "திரும்பினா பாதிரியார் தூங்கிடுவார், ஓட்டுங்க!" சிக்னே மண்டியிட்டு, இடது கட்டைவிரலை ஓட்டைக்குள் திணிக்கிறாள். உடை பூவாய் மிதக்கிறது. தீவில் ஒரே கைதட்டல். மணமகன் எல்டன் கோட்டோடு இடுப்பளவு நீரில் இறங்கி வந்து, மோதிரத்தோடு, வழக்கப்படி அதைப் போட வேண்டிய இடது கையைத் தேடுகிறான். "அந்தக் கைக்கு வேலை இருக்குடா," சிரிப்பில் குலுங்கியபடி அவள் வலது கையை நீட்டுகிறாள், "இப்போதைக்கு இதுல போடு!"