கை தூக்கும் கூட்டம்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஊர்ச் செலவுகளை மக்களே கூடி, கை தூக்கி முடிவு செய்வார்கள். அந்த ஊர்க்கூட்டத்தில் தூக்கிய கைகளை எண்ணுவது கிளேட்டனின் வேலை. ஆம்புலன்ஸ் ஊழியர் சங்கம் கேட்ட சம்பள உயர்வு போன வருடம் ஒரே ஓட்டில் தோற்றது. ஊழியர்களில் பாதிப் பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள்; ஊர் ஆம்புலன்ஸ் பல நாள் ஓடவில்லை. இந்த வருடமும் அதே கோரிக்கை.

"நம்ம வரிப்பணத்துல தூங்குறவனுக்குச் சம்பளமான்னு போன தடவையே ஹார்லன் கேட்டாரு," என்றார் பின்வரிசைக்காரர்.

ஹார்லனின் மனைவி தெல்மா திரும்பவில்லை.

"உயர்வு வேணுங்கிறவங்க கை தூக்குங்க," என்றார் கூட்டத் தலைவர்.

எண்ணிக்கொண்டே வந்த கிளேட்டன் தெல்மாவிடம் நின்றுவிட்டான்.

"ரெண்டு கையும் தூக்கியிருக்கீங்க, தெல்மா. ஒண்ணை எறக்குங்க."

"இது என்னோடது. அது ஹார்லனோடது."

"செத்தவங்க ஓட்டை எப்படி எண்ணுறது?" என்றான் மெதுவாக.

"பக்கத்து ஊரு ஆம்புலன்ஸ் வந்து சேர நாப்பது நிமிஷம் ஆச்சு, கிளேட்டன். மனசை மாத்திக்க அவருக்கு நெறைய நேரம் இருந்துச்சு."