திறந்த கதவு

ஏரியில் நீந்திக் கரையேறி, நாலு மணி நேரமாகச் சைக்கிள் மிதித்துவந்த தமயந்திக்குப் பின்னால், பின்தங்கியவர்களை ஏற்றிக்கொள்ளும் வேன் மட்டுமே வந்தது. நீந்தி, சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓடியும் முடிக்க வேண்டிய இப்படியொரு போட்டி அவளுக்கு இதுதான் முதல். "முடிக்கணும்னு ஒண்ணும் கட்டாயமில்ல" என்று வீட்டில் எல்லோரும் அன்பாகத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கொண்டை ஊசி வளைவில் வேன் பக்கவாட்டில் நகரும் கதவைத் திறந்தபடி அவளுக்கு இணையாக ஊர்ந்தது. உள்ளே போர்வையும் ஃபிளாஸ்க்கும் தெரிந்தன.

"இன்னும் நாலு வளைவு இருக்குக்கா. பதினோரு நிமிசத்துல மேல போகலேன்னா ஓட விடமாட்டாங்க. ஏறிக்குங்க" என்றார் ஓட்டுநர்.

"டீயில சர்க்கரை இருக்கா?"

"தூக்கலாவே இருக்கு."

அவள் வலக்கையை நீட்டினாள். ஓட்டுநர் வேனை இன்னும் நெருக்கிக் கொண்டுவந்தார். மிதிப்பதை நிறுத்தாமலே அவள் கதவை முன்னால் தள்ளிச் சாத்தினாள்.