விற்ற வீட்டில் பாதி

அவர் ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

படுக்கையறை மூலையில் குனிந்து புறங்கையை வைத்தார். ஈரம் இல்லை என்று அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் அவரை வரச் சொல்லவில்லை. இந்த வீட்டு விளம்பரத்தை அனுப்பி, பில்டர் எப்படி என்று மட்டும்தான் கேட்டிருந்தாள். காலையில் மாம்பலம் ஸ்டேஷனில் வந்து நின்றுகொண்டிருந்தார்.

ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து வந்தார்கள். ரயில் பல்லாவரம் தாண்டியது. பிறகு, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். தேவலை என்றாள்.

அவர்களுக்கு விவாகரத்து ஆகி ஒரு மழைக்காலம் போய்விட்டது. மேற்கு மாம்பலம் வீடு போன மாதம்தான் விலைபோனது.

ஆளுக்குப் பாதி.

அந்தப் பாதியை வைத்துக்கொண்டு முதலில் மாம்பலத்திலேயே தேடினாள். பிறகு குரோம்பேட்டை. பிறகு வண்டலூர். தெற்கே போகப் போக விலை இறங்கியது. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வந்த பிறகுதான் கைக்கு எட்டியது.

"இதே காசுக்கு மாம்பலத்துல கார் நிறுத்தத்தான் இடம் கிடைக்கும் மேடம்," என்றார் வீட்டைக் காட்ட வந்த தரகர். "இங்க பாருங்க, ரெண்டு பெட்ரூம். கிழக்குப் பாத்த வாசல்."

அவள் சிரிக்கவில்லை.

கல்யாணமான புதிதில் அவளும் இதையேதான் சொன்னாள். இந்தப் பக்கம் வாங்கினால் கடன் சீக்கிரம் அடையும். குழந்தைக்கென்று ஓர் அறை இருக்கும்.

சென்னையைத் தாண்டி ஓரடி வரமாட்டேன் என்றார் அவர்.

மாம்பலத்தில் ஒற்றைப் படுக்கையறை வீடு வாங்கினார்கள். தவணை கட்ட அவர் ராத்திரி வேலையும் பார்த்தார். அவள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். குழந்தையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அவள் ஜன்னலைத் திறந்தாள். பாதி வற்றிய ஏரி. அதன்மேல் வந்த காற்று முகத்தில் பட்டது.

"வீடு நல்லாருக்கு அமுதா," என்றார் பின்னாலிருந்து. "வாங்கிடு. நீ அப்பவே சொன்னே."

அவளுக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் களைப்பாக இருந்தது.

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். உப்பு இல்லை.

ஹாலில் அவர் குரல் கேட்டது.

"எதிர் வீடும் காலியாத்தான் இருக்கா?"

"ஆமா சார். யாருக்குப் பாக்கறீங்க?"

எதிர் வீட்டுச் சுவரை அவர் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

அவள் குழாயை மூடினாள்.