கோட்டுக்குள் ஒரு கை

பளிங்குச் சிலை நிற்கட்டும், இடது கையை மட்டும் உடைத்துவிடலாம் என்று ஊர் மன்றம் தீர்ப்புச் சொன்னது. அமெரிக்காவின் ஆரம்பகால ஜனாதிபதி ஒருவரின் சிலை அது. வலது கையில் இறகுப் பேனா; நாட்டின் விடுதலைச் சாசனத்தில் கையெழுத்திட்ட கை. பண்ணை அடிமைகளைச் சவுக்கால் விளாசியது இடது கையாகத்தான் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே கை செய்திருக்கும் என்று நம்ப யாருக்கும் மனமில்லை. அந்த இடது கையைக் கோட்டுக்குள் நுழைத்துக்கொண்டு அவர் நின்றார்.

அடிமைகளின் வழிவந்த ஹெஸ்டர் மேடையேறி சம்மட்டியை ஓங்கினாள். பித்தான்கள் தெறித்தன. ஒரு சில்லு அவள் புருவத்தைக் கிழித்தது. இரத்தம் கண்ணில் இறங்கியும் அவள் நிறுத்தவில்லை. நெஞ்சு பிளந்தது. உள்ளே வெறும் கல். கோட்டுக்குள் இருக்கும் கையை எந்தச் சிற்பி செதுக்குவான்?

"போதும்மா, இறங்கு," என்றார் சரித்திர வாத்தியார் ஜோசையா. "அவர் இல்லேன்னா இந்த நாடே இல்ல."

"அப்போ எங்க ஆளுங்கள எந்தக் கையால அடிச்சான் சார்?"

ஹெஸ்டர் பேனா பிடித்த கையின் பக்கம் திரும்பினாள். வாத்தியார் பாய்ந்து ஏறி, தன் இரு கைகளாலும் அதைப் பொத்திக்கொண்டார்.

"கைய எடுங்க சார்."

"மாட்டேன். இது கையெழுத்துப் போட்ட கை."

"தெரியும்," என்றாள். சம்மட்டி அவள் தலைக்கு மேலே போய்விட்டிருந்தது.

கீழே நின்ற மன்றத்தார் ஒவ்வொருவராகத் தங்கள் கைகளைக் கோட்டுக்குள் நுழைத்துக்கொண்டார்கள்.